வலையமைப்பு ஆளியும் தொலைநிலை முகாமைத்துவமும்

ஒரு நிறுவனத்தின் கணினிகளை இணைத்து, அவற்றிடையே செல்லும் தரவுகளை உரிய வாயிலின் வழியே அனுப்பும் கருவியே வலையமைப்பு ஆளியாகும். பல கட்டடங்களிற் பரந்துகிடக்கும் ஆளிகளை ஒவ்வொன்றாக நேரிற் சென்று பராமரித்தல் அரிதாகையால், தொலைவிலிருந்தே அவற்றை முகாமை செய்யும் வசதி இன்றியமையாததாகின்றது. ஆயின், ஆளியைத் தன் பிடியில் வைத்திருப்பவர் அதனூடாகச் செல்லும் தகவலைப் பிரதி செய்யவும் திசைதிருப்பவும் தடுக்கவும் வல்லவராவார். எனவே, அதனை யார் ஆளலாம் என்பது தொழினுட்ப வினா மட்டுமன்று. அதிகாரம் பற்றிய வினாவுமாகும்.

இதற்கென நெடுங்காலம் வழங்கிவந்த நெறிமுறை ரெல்நெற் ஆகும். 1969இல் அர்ப்பாநெற் ஆய்வாளரிடையே தோன்றிய இது, 1983இல் நியமமாக வரையறுக்கப்பட்டது. ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவினருக்காக உருவான இந்நெறிமுறையிற் கடவுச்சொல்லும் மறைப்பின்றியே பயணஞ் செய்தது. 1995இல் ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் ஒற்றுக்கேட்கப்பட்டதை அடுத்து, அங்கு ஆய்வாளராயிருந்த தாத்து யுலோனென் உரையாடல் முழுவதையும் மறைகுறியாக்கும் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை ஆக்கினார்.

சிஸ்கோ நிறுவனத்தின் கற்றலிஸ்ற் வகை ஆளியை உதாரணமாகக் கொள்வோம். புதிய ஆளிக்கு முகவரி இல்லையாதலின், தொடக்கப் பணியை அதன் முனைய வாயிலிற் கம்பியைச் செருகி நேரடியாகவே செய்தல் வேண்டும். முதலாவதாக, பயனாளரின் போக்குவரத்தினின்று பிரிக்கப்பட்ட மெய்நிகர் வலையமைப்பு ஒன்றை முகாமைத்துவத்திற்கென ஒதுக்கி, அதன் இடைமுகத்துக்கு ஐ.பி. முகவரி வழங்க வேண்டும். நுழைவழி முகவரியையும் குறித்தல் அவசியம். அஃதின்றேல் அயற்கணினிக்கு மறுமொழி தரும் ஆளி, பிற வலையமைப்பிலிருந்து அழைப்போருக்கு மௌனமாகவே இருக்கும். இரண்டாவதாக, ஆளிக்குப் பெயரும் களப்பெயரும் இட்டு, 2048 பிற்றுக்குக் குறையாத ஆர்.எஸ்.ஏ. சாவியை உருவாக்க வேண்டும். மூன்றாவதாக, பலர் பகிரும் ஒரே கடவுச்சொல்லை ஒழித்து, ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு வழங்க வேண்டும். அப்போதுதான் எம்மாற்றத்தை எவர் செய்தார் எனப் பின்னர் அறிதல் கூடும். இறுதியாக, மெய்நிகர் முனையத் தடங்கள் எஸ்.எஸ்.எச். இணைப்பை மட்டும், அதுவும் குறித்த முகவரிகளிலிருந்து மட்டும், ஏற்குமாறு வரையறுக்க வேண்டும். பல மாதிரிகளில் இத்தடங்கள் 0 முதல் 15 வரை 16 ஆகும். முதல் 5 தடங்களுக்கு மட்டும் காவலிட்டு எஞ்சிய 11ஐயும் திறந்துவிடுதல் பரவலாகக் காணப்படும் தவறாகும்.

இவ்விறுதி விதியின் பெறுமதியை 2017ஆம் ஆண்டு உணர்த்திற்று. அமெரிக்க மத்திய உளவு நிறுவனத்தினுடையவை என விக்கிலீக்ஸ் அவ்வாண்டு மார்ச்சில் வெளியிட்ட ஆவணங்களை ஆராய்ந்த சிஸ்கோ, தனது 300க்கும் மேற்பட்ட சாதன மாதிரிகளிற் குறைபாடொன்று உள்ளதென அறிவித்தது. அவற்றுட் பெரும்பாலானவை ஆளிகளே. ரெல்நெற்றை ஏற்கும் சாதனத்தைக் கடவுச்சொல் ஏதுமின்றியே தொலைவிலிருந்து கைப்பற்ற அக்குறைபாடு இடமளித்தது. திருத்தம் உடனே கிடைக்கவில்லை. ரெல்நெற்றை நிறுத்துவதே அப்போது கூறப்பட்ட பரிகாரம். முன்னரே அதனை மறுத்திருந்த ஆளிகளுக்கு அவ்வழியால் ஆபத்து நேரவில்லை.

கருவியின் உள்ளமைப்பை ஆக்குபவர் உற்பத்தியாளரே. அதனை முழுமையாக ஆராயும் வாய்ப்பு அதனைப் பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலும் இல்லை. இச்சமமின்மையின் நடுவிலும், எவ்வாயிலைத் திறப்பது, எதனை மூடுவது எனத் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடமே உண்டு. அத்தீர்மானத்தையும் அதன் காரணத்தையும் ஒருவரது நினைவில் விட்டுவையாது, எழுத்திற் பதிந்து நிறுவனத்தின் பொது அறிவாக்குதல் வேண்டும் என்பதே நமது கருத்தாகும்.