கக்கூஸ் எண்ணும் உத்தியோகம்!

பெண் பார்க்கப் போகிற இடத்தில், "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டால் என் சித்தப்பாவுக்குத் தொண்டை கமறும். "ஃபீல்டு மானிட்டர்" என்பார் கம்பீரமாக. "அப்படின்னா?" என்று அடுத்த கேள்வி வந்ததும் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். பாவம், அவர் எப்படிச் சொல்வார்... பிள்ளையாண்டான் நாகப்பட்டினத்தில் கக்கூஸ் எண்ணுகிறான் என்று!

நிஜமாகவே எண்ணினேன் சார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் மாண்டவர்கள் சுமார் 8,000 பேர். அதில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தில் மட்டும். எங்கெங்கிருந்தோ உதவி வந்து குவிந்தது. அது ஜனங்களிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று நேரில் பார்த்து, பணம் கொடுத்தவர்களுக்கு எழுதி அனுப்ப ஓர் ஆள் வேண்டுமே? அந்த ஆள்தான் நான். 2005 முழுக்க ஒரு டூ வீலர், ஒரு பரீட்சை அட்டை, ஒரு இன்ச் டேப். இதுதான் என் ஆபீஸ்!

எதற்கும் ஒரு அளவு உண்டு. 'ஸ்ஃபியர்' என்று ஒரு கையேடு. தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை இயக்கமும் 1997-ல் சேர்ந்து ஆரம்பித்த முயற்சி. அதன்படி, தலைக்கு தினம் 15 லிட்டர் தண்ணீர். 250 பேருக்கு ஒரு குழாய், அதுவும் 500 மீட்டருக்குள். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. தலைக்கு மேல் கூரையோடு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம். இருக்கா? டிக்!

டிக் அடித்துவிட்டு வந்தால் சம்பளம் வந்துவிடும். ஆனால்...

தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பு ஒன்று. பகலில் உள்ளே உட்கார்ந்தால் இட்லிப் பானைதான். கழிப்பறைக் கணக்கு கச்சிதமாக இருந்தது. ஆனால், பாதிக்கு மேல் வாசலில் மணல்கூடக் கலையவில்லை. மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் விசாரித்தேன்.

"எண்ணிட்டியா தம்பி? நல்லா எண்ணிக்க! தாழ்ப்பா இல்ல, ராத்திரி வெளக்கு இல்ல. வயசுப் பொண்ண எப்படி அனுப்புறது?"

கையேட்டில் 20-க்கு ஒன்று. நிஜத்தில் பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை!

அந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை. நிவாரண லிஸ்ட்டில் பேரும் இல்லை. "ஊர் வரி கட்டுற ஆம்பளைங்க பேரைத்தான் எழுதினாங்க. என் அன்னக்கூடையும் கடலோடதான் போச்சு. அத யாரு கேட்டா?" என்றார். போட் போனவருக்கு போட். அந்த போட்டில் வந்த மீனைத் தலையில் சுமந்தவருக்கு..?

இன்னொரு பக்கம் வேடிக்கை. நாடு முழுக்கவிருந்து வந்த பழைய துணிகள் ரோட்டோரம் மலை மலையாகக் கிடந்தன. ஃபைபர் படகுகளைப் போட்டி போட்டுக் கொடுத்ததில், சில இடங்களில் ஓட்ட ஆள் போதாமல் கரையில் நின்றன. எல்லாமே ரிப்போர்ட்டில் 'வழங்கப்பட்டது'!

நான் எழுதியதைப் படித்த மேலதிகாரி தலையில் கை வைத்தார். "ஏம்ப்பா, இலக்கு நூறு சதவீதம்னு எழுதினா என்ன? அடுத்த தவணைப் பணம் நின்னுடும்யா!"

"பணம் நின்னா திட்டலாம் சார். ராத்திரி அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைத் திட்டுறது?" என்றேன். முறைத்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்தில் தாழ்ப்பாளும் விளக்கும் வந்தன. விதவைகளுக்கென்று தனி லிஸ்ட் எடுத்தோம். அந்த அம்மாவுக்கு அன்னக்கூடையும் கொஞ்சம் முதலும் கிடைத்தது. வயல் கூலிகள், உப்பளத்துக்காரர்கள் என்று விட்டுப்போன பலரை எங்களால் சேர்க்க முடியவில்லை. "கடலோரக்காரங்களுக்குத்தான்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அடுத்த முறை வெள்ளம், புயல் என்று உங்கள் ஆபீஸில் ஒருநாள் சம்பளம் பிடித்தால் தாராளமாகக் கொடுங்கள் சார். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள். "எத்தனை கொடுத்தீங்க?" என்று வேண்டாம். "யார் பேர் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல எங்களை மாதிரி ஒருத்தன் வெயிலில் அலைந்தே ஆகணும்!