முற்றத்து வேலைக்குப் பில் யார் பெயரில்?

வீட்டு முன்புறம் பேவர் பிளாக் பதிப்பது, புல்தரை போடுவது, செடி வைத்து மாதக் கூலிக்குப் பராமரிப்பது போன்ற வேலைகளை இப்போது காண்ட்ராக்டாக விடுகிறோம். மூட்டையில் ஒரு கிலோ குறைந்தாலும் உடனே கேட்கும் நாம், இந்த வேலைகளுக்கு வாய்ப்பேச்சை நம்பியே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். முதல் மழையில் கல் உள்வாங்கி, வாசலில் தண்ணீர் நின்ற பிறகுதான் தகராறு தொடங்குகிறது.

வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. கூலி பெற்றுச் செய்யும் முற்றத்து வேலையும் அவ்வாறே சேவைதான். குறை இருந்தால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. காண்ட்ராக்டர் வெளியூர்க்காரராக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம்.

வணிகர்களாகிய நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மேல்மலையனூர் போன்ற ஊர்களில் முன்னால் கடை, பின்னால் வீடு என்று இருப்பவர்கள் பலர். பில்லைக் கடைப் பெயரிலேயே வாங்கிவிடுகிறோம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலில் பிழைப்பவருக்கு உள்ள விலக்கும் அச்சட்டத்தில் வாங்கிய பொருளைப் பற்றியே பேசுகிறது. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இந்தப் பிடியைத்தான்.

பெயர் மட்டுமே முடிவு செய்துவிடாது என்பதும் உண்மை. நோக்கம் எது என்பதை ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் வைத்தே பார்க்க வேண்டும் என்று கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. மும்பை லீலாவதி மருத்துவமனை அறக்கட்டளை, செவிலியர் தங்குவதற்கு வாங்கிய வீடுகள் வணிக நோக்கமல்ல என்று 2019-ல் தீர்ப்பாயிற்று. ஆனால் அந்த வாதத்துக்கே ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட, வீட்டு வேலைக்கு வீட்டுக்காரர் பெயரிலும் கடை வேலைக்குக் கடைப் பெயரிலும் தனித்தனியாகப் பில் வாங்குவதே நல்லது.

கடை வேலையில் ஏமாந்தால் சிவில் நீதிமன்றம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவின்படி நஷ்டஈடு கேட்கலாம். காலவரம்பு 3 ஆண்டுகள். பதிவு செய்யாத கூட்டு வியாபாரமானால், ஒப்பந்தத்தை வைத்து நிறுவனத்தின் பெயரில் வழக்குப் போட முடியாது என்பதையும் உறுப்பினர்கள் மறக்கக் கூடாது.

ஒப்பந்தத் தாளில் இவை இருக்கட்டும்: சதுர அடி அளவு, கல்லின் கனம் 60 மி.மீ.யா, 80 மி.மீ.யா, அடியில் போடும் ஜல்லி, மணலின் கனம், தண்ணீர் வடியும் திசை, பட்டுப்போன செடியை மாற்றித் தரும் பொறுப்பு. அமாவாசைக் கூட்டத்துக்கு முன் முடிய வேண்டுமானால், தேதியோடு, அந்தத் தேதி தவறினால் என்ன என்பதையும் எழுத வேண்டும். பணத்தை வேலை நடக்க நடக்கக் கொடுத்து, ஒரு பகுதியை முதல் மழை வரை நிறுத்தி வைக்கலாம் என்றும் எழுதிக்கொள்ளலாம்.

குறை கண்டால் தேதி தெரியப் படம் எடுத்து, எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். கடனுக்குக் கொடுத்த சரக்கைக் கணக்கில் எழுதாமல் விடுவோமா? கொடுத்த வேலைக்கும் அதே முறைதான்.