ஐடில்ல நடுங்குற பழைய டீசல் ஜீப்பு: பம்ப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி

முதல்ல ஒரு சத்தம் கேளுங்க. (எஞ்சின் ஓடும் சத்தம்) தடதடன்னு ஓடிட்டே இருக்கு, நடுவுல திடீர்னு தடுக்கி விழுந்து எந்திரிக்குது இல்லையா? அதுதான் இன்னைக்கு விஷயம்.

இதை ரெக்கார்ட் பண்ணினது செண்பகத்தோப்புல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரம். அதுக்கு மேல 2021-ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். எங்க மாமாவோட மாந்தோப்பு அந்தப் பக்கம்தான். வண்டி இருபது வருஷத்துப் பழைய டீசல் ஜீப்பு. அத்தைக்கு ராஜபாளையத்துல வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ், விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும். வண்டி வழியில நின்னுட்டா அந்த இருட்டுல வேற வண்டி கிடைக்காது. ஒரு பட்டறையில பார்த்துட்டு, "பம்ப் போச்சு, 28,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. மாமா வண்டியை வித்துடலாமான்னு யோசிச்சிட்டு இருந்தார்.

ஏன் ஐடில்ல மட்டும் ஆடுது? ஐடில்ல எஞ்சின் தன்னைத்தானே சுத்திக்கிட்டா போதும். சுமார் 800 ஆர்பிஎம். நாலு சிலிண்டர் எஞ்சின்னா, செகண்டுக்கு ஏறக்குறைய 27 தடவை டீசல் எரியுது. ஒவ்வொரு தடவையும் உள்ள போறது ஒரு துளியில சின்னப் பங்குதான். அதுல கொஞ்சம் குறைஞ்சாலும் உடனே தெரியும். ஆக்சிலேட்டரை மிதிச்சா டீசலும் கூடும், வேகமும் கூடும், குறை மறைஞ்சிடும். அதனாலதான் சில பேர் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏத்தி விட்டுடுவாங்க. காய்ச்சல் தெரியக் கூடாதுன்னு தெர்மாமீட்டரை ஒளிச்சு வைக்கிற வேலை அது. மாமா வண்டியிலயும் யாரோ அதைப் பண்ணியிருந்தாங்க.

முதல் கேள்வி: எஞ்சினே தடுமாறுதா, இல்ல மவுண்ட் ரப்பர் போய் பாடி மட்டும் ஆடுதா? சைலன்ஸர் பின்னாடி கொஞ்சம் தள்ளி கையை வைங்க. காத்து ஒரே தாளத்துல அடிச்சா எஞ்சின் மேல சந்தேகம் குறைவு. இங்க தாளம் விட்டு விட்டு வந்துச்சு, கூடவே வெள்ளைப் புகை. எரியாத டீசல்.

எங்ககூட இருந்த மெக்கானிக் அண்ணாச்சி அடுத்து பண்ணினது பழைய வைத்தியம். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் லேசா லூஸ் பண்ணி, திரும்ப இறுக்குறது. நட்டை லூஸ் பண்ணா அந்த சிலிண்டர் வேலையை நிறுத்திடும், எஞ்சின் இன்னும் மோசமா ஆடணும். எந்த சிலிண்டரை நிறுத்தியும் சத்தம் மாறலையோ, அதுதான் ஏற்கனவே படுத்துக் கிடக்கிற சிலிண்டர்.

ஒரு எச்சரிக்கை. பொலிரோ, சுமோ எல்லாம் முதல்ல வந்த காலத்து மெக்கானிக்கல் பம்ப் வண்டியில மட்டும்தான் இது. காமன் ரெயில் வண்டியில அந்த பைப்புக்குள்ள ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம். டீசல் தோலைக் கிழிச்சு உள்ள இறங்கிடும். அங்க ஸ்கேனர்தான். பழைய வண்டியிலயும் நீங்களா செய்யாதீங்க, விரலும் முகமும் தள்ளி இருக்கட்டும்.

நாலையும் லூஸ் பண்ணிப் பார்த்தாச்சு. நாலுமே ஒரே மாதிரி மாறுது. அப்போ ஒரு இன்ஜெக்டர் மேல பழி போட முடியாது, நாலுக்கும் பொதுவான இடத்துலதான் கோளாறு. பொதுவான இடம் பம்ப்பும்தான், பம்ப்புக்கு டீசல் வர்ற வழியும்தான்.

அப்பதான் மாமா, "மாப்ள, மலையைப் பார்த்து நிறுத்துனா மறுநாள் ஸ்டார்ட் ஆக லேட்டாகுது, ஊரைப் பார்த்து நிறுத்துனா சட்டுனு ஆகுது"ன்னார். அண்ணாச்சி ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டார். மலையைப் பார்த்து நின்னா மூக்கு மேல, டேங்க் கீழ. ராத்திரி பூரா லைன்ல இருக்கிற டீசல் டேங்க்குக்குத் திரும்பி இறங்குது. அப்படி இறங்கணும்னா எங்கேயோ காத்து உள்ள நுழையணும். பம்ப்புக்கு முன்னாடி இருக்கிற லைன் உறிஞ்சுற லைன். அதுல வெடிப்பு இருந்தா டீசல் வெளிய சொட்டணும்னு இல்லை, காத்துதான் உள்ள போகும். தரையில ஒரு பொட்டுக் கறை இருக்காது. பட்டறையில அதனாலதான் தப்பிச்சிருக்கும்.

சோதிக்க ஒரு பாட்டில் போதும். சுத்தமான கேன்ல வடிகட்டின டீசல், பானட்ல தொங்கவிட்டு, குளுக்கோஸ் ஏத்துற மாதிரி ஒரு டியூப் வழியா நேரா ஃபீட் பம்ப்புக்கு. ரிட்டர்ன் டியூபும் அதே கேனுக்குள்ள. டேங்க்கும் பழைய லைனும் இப்போ ஆட்டத்துலயே இல்லை. காத்து எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணினோம். ரெண்டு நிமிஷத்துல எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஆயிடுச்சு. பம்ப் நிரபராதி.

மிச்சம் தேடுற வேலைதான். டேங்க் பக்கத்துல, கிளாம்புக்கு அடியில, ரப்பர் ஹோஸ் வெடிச்சிருந்துச்சு. கிளாம்பைக் கழட்டுற வரைக்கும் கண்ணுக்குத் தெரியலை. ஹோஸ், ரெண்டு கிளாம்ப், எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள்ள. ஐடில் ஸ்க்ரூவையும் பழைய இடத்துக்கே இறக்கினார்.

பெட்ரோல் வண்டின்னா கதை வேற: ஸ்பார்க் பிளக், காயில், வேக்யூம் ஹோஸ், த்ராட்டில் பாடி. அதுக்கு தனி எபிசோட் போடலாம்.

அன்னைக்கு ராத்திரி மாமா வேணும்னே வண்டியை மலையைப் பார்த்து நிறுத்தினார். காலையில நாலே முக்காலுக்கு அத்தை ஏறி உட்கார்ந்தாங்க, மாமா சாவியைத் திருப்பினார். முதல் சுத்துலயே பிடிச்சுக்கிச்சு. "என்ன, சத்தமே இல்லை?"ன்னாங்க அத்தை.