மிகை வியர்வைக்கு ஊசிச் சிகிச்சை

வியர்வை உடலுக்குப் பகையன்று. வெயிலிலும் உழைப்பிலும் உடல் சூடேறும்போது, தோலின்மேற் பரவி ஆவியாகி அச்சூட்டைத் தணிப்பது அதுவே. ஆயின் சிலருக்கு வெயிலுமின்றி வேலையுமின்றி, உள்ளங்கையும் உள்ளங்காலும் கமக்கட்டும் நனைந்து சொட்டுகின்றன. எழுதும் தாள் ஈரமாகிக் கிழிகிறது. பிடித்த கருவி வழுக்குகிறது. சட்டையின் ஈரத்தை மறைக்கக் கைகளை உடலோடு ஒட்டியே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. காண்போர் இதனை அச்சமென்றோ அழுக்கென்றோ எண்ணிவிடுகின்றனர். நேயர்களே, இது இரண்டுமன்று. இது ஒரு நோய். பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கும். ஒரே குடும்பத்திற் பலரிடம் காணப்படுவதும் உண்டு.

இதன் காரணம் யாது? நமது தோலில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றுக்குக் கட்டளை கொண்டுசெல்பவை நரம்புகள். நரம்பு நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் வெளிப்பட்டுச் சுரப்பியைச் சேர்ந்ததும் வியர்வை சுரக்கிறது. இந்நோயுடையோரின் சுரப்பிகளிற் பழுதில்லை. கட்டளைதான் அளவுக்கு மிஞ்சி வருகிறது. அதனை இடையிலே தடுத்துவிட்டால் வியர்வை அடங்கும்.

தடுக்கும் பொருள் கிடைத்த இடம் வியப்புக்குரியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜேர்மனியின் வூர்ட்டம்பேர்க் பகுதியிலே, குடலில் அடைத்துப் பதப்படுத்திய இறைச்சி கெட்டுப்போக, அதனை உண்டோர் பலர் மாண்டனர். யுஸ்தினுஸ் கேர்னர் என்னும் வைத்தியர் 1820ஆம் ஆண்டையடுத்து அந்நஞ்சை ஆராய்ந்தார். அது நரம்புகளின் செயலைத் தடுத்துத் தசைகளைத் தளர்த்துவதோடு, உடலின் சுரப்புகளையும் வற்றச் செய்வதைக் கண்டார். மிகச் சிறிய அளவிற் கொடுத்தால் அதுவே மருந்தாகலாம் என்றும் கருதினார். அந்நஞ்சை உண்டாக்கும் பற்றீரியாவை 1895இல் பெல்ஜியத்தில் வான் எர்மெங்கம் கண்டறிந்தார். பொற்றுலினம் நஞ்சு என்பது இதுவே. ஐக்கிய அமெரிக்காவில் இது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் 1989இலும், கமக்கட்டின் கடும் வியர்வைக்கு 2004இலும் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது? முதலில் தோலில் அயடீன் பூசி, உலர்ந்தபின் மாப்பொருள் தூவுவர். வியர்க்கும் இடம் கருநீலமாக மாறி எல்லையைக் காட்டும். பின்னர் மெல்லிய ஊசியால், கமக்கட்டு ஒன்றுக்கு 10 முதல் 15 இடங்களில், தோலுக்குள் மட்டும் மருந்து செலுத்தப்படும். சில நாட்களில் வியர்வை குறையும். பயன் ஏறத்தாழ அரையாண்டு நிற்கும்; நரம்பு நுனிகள் மீண்டும் செயற்படத் தொடங்கியதும் வியர்வை திரும்பும்; அப்போது மீண்டும் ஊசி வேண்டும். கமக்கட்டு உடலின் சிறு பகுதியே ஆதலால், அங்கு வியர்வை அடங்குவதால் உடற்சூடு தணிவதற்குத் தடை நேராது.

உள்ளங்கையில் நிலைமை சற்று வேறு. அங்கு ஊசி மிகவும் நோகும். எனவே கையை மரத்துப்போகச் செய்தே போடுவர். மருந்து அருகிலுள்ள சிறு தசைகளுக்குப் பரவினால் பிடிப்பு சில வாரங்கள் தளரலாம். தையலும் நுண்தொழிலும் செய்வோர் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும், தசைச்சோர்வு நோயுடையோருக்கும் இவ்வூசி பொதுவாகத் தவிர்க்கப்படும்.

இன்னுமொன்று. இது முதற் சிகிச்சையன்று. அலுமினியங் குளோரைட்டுக் கரைசலை இரவிற் பூசுதலும், கைகால்களை நீரில் வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்துதலும் இதற்கு முன் முயலத்தக்கவை. முதிர்ந்த வயதில் திடீரென உடல் முழுவதும் வியர்த்தாலோ, இரவு வியர்வையுடன் உடல் மெலிந்தாலோ, காரணம் வேறாக இருக்கலாம். தைரொயிட்டுச் சுரப்பியின் மிகைச் செயல், காசநோய் போன்றவை உள்ளனவா என்று முதலில் ஆராய வேண்டும்.

நஞ்சு மருந்தாவது அளவினாலும், அதனை அறிந்த கையினாலுமே. ஆகவே அழகுநிலையங்களை நாடாது, தகுதிபெற்ற தோல் வைத்திய நிபுணரையே நாடுங்கள். ஈரக்கையை நாணி மறைத்துப் பல்லாண்டுகளைக் கழிப்போர், அதனை ஒருமுறை வைத்தியரிடம் நீட்டிக் காட்டுவார்களாயின், பாதி வழி கடந்தவராவர்.