தைலவண்ணத்தில் தெய்வத் திருவுரு

உரும்பிராய் முதலாய யாழ்ப்பாணத்து ஊர்களில் நவராத்திரிக் காலத்தே மாணவர் மலர்தூவி வணங்கும் கலைமகள் படங்கள் பலவற்றில், அன்னை வெண்ணிறச் சேலையுடுத்து, வீணையேந்தி, மயில் அருகிருப்ப வீற்றிருக்கின்றாள். இத்தோற்றம் சிற்பியின் உளிவழி வந்ததன்று; பெரிதும் ஐரோப்பியரின் தைலவண்ண முறைவழி வந்ததாகும்.

நீரும் பிசினும் கலந்த வண்ணம் விரைவில் உலரும். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வண்ணமோ மெல்லவே உலரும். ஆதலின் ஒளியையும் நிழலையும் ஒன்றோடொன்று இழைத்து, தோலின் மென்மையையும் பட்டின் பளபளப்பையும் மெய்போலக் காட்டுதல் அதனால் இயலும்.

பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரான்சு நாட்டிற் சிறந்த றொக்கோக்கோ மரபினர் இவ்வாற்றலை நன்கு பயன்படுத்தினர். மென்னிறமும் வளைகோடும் களிப்பும் அம்மரபின் இயல்புகள். அதன் தலைசிறந்த ஓவியருள் ஒருவரான பிரான்சுவா பூசே (1703–1770), 1740ஆம் ஆண்டில் ‘வீனசின் வெற்றி’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். ஸ்ரொக்ஹோம் தேசிய அரும்பொருளகத்திலுள்ள அவ்வோவியத்தில், உரோமரின் காதற்றெய்வமாகிய வீனசு கடல்மகளிர் சூழ அலைமீது அமர்ந்திருக்கின்றாள்; சிறகுடைச் சிறார் துகிலேந்தி வானிற் பறக்கின்றனர். பெயர் தெய்வத்தினதாயினும், எழில் பாரிசு நகர மகளிரின் எழிலே.

நம் புராண மாந்தரை இம்முறையில் தீட்டிப் பெரும்புகழ் பெற்றவர், திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரிற் பிறந்த இரவிவர்மா (1848–1906) ஆவர். 1868ஆம் ஆண்டில் அவ்வரசவைக்கு வந்த தியோடர் சென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் தீட்டுவதைக் கண்டும், தாமே பயின்றும் அவர் தேர்ச்சியுற்றார். பரோடா மன்னருக்காகப் புராண ஓவியங்கள் பதினான்கு வரைந்தார். 1894ஆம் ஆண்டிற் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகம், அரண்மனைச் சுவரிலிருந்த தெய்வத்தை வண்ணக் கல்லச்சிற் பதித்து எளியோர் இல்லத்துக்கும் கொணர்ந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானதோ 1936ஆம் ஆண்டிலேயாம். கோயிலினுட் புக உரிமை மறுக்கப்பட்டிருந்தோரும் தம் மனையிலே தெய்வத் திருவுருவைக் கண்டு வணங்க அதற்கு முன்பே வழிபிறந்தமை சிறுபேறன்று.

எனினும் இருவரும் கண்டனத்துக்கு ஆளாயினர். பூசேயின் ஓவியங்களில் உண்மையில்லை என்று பிரெஞ்சு அறிஞர் திதரோ குறைகூறினார். ஈழத்துத் தமிழ்க்குடியில் வந்த ஆனந்த குமாரசுவாமியோ, இரவிவர்மாவின் தெய்வ உருவங்கள் நாடக மேடைத் தன்மையன, இந்திய உணர்வு குன்றியன என 1907ஆம் ஆண்டில் எழுதினார். அக்கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று. சிற்பநூல் வகுத்த மூர்த்தி தியானத்துக்குரிய குறியீடு. பல கரங்களும் முத்திரைகளும் மானிடத்தைக் கடந்த பொருளை உணர்த்துவன. தைல ஓவியமோ தெய்வத்தை நம் வீட்டு மகளிருள் ஒருத்தியாக்கி அண்மையிற் கொணர்கின்றது. அண்மை பெருகுமிடத்து அப்பொருள் மறைதலும் கூடும்.

இரண்டும் வேண்டுவனவே, ஒன்றை மற்றொன்றாக மயங்குதலே தவறு. கண்மூடிக் கலைமகளை நினைக்கும் மாணவர், தம் உள்ளத்தில் எழும் உருவம் எவர் கைவண்ணம் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.