கம்படிக்கு ஒரு களஞ்சியம்

இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்தில் ஒரு கற்பலகை இருக்கிறது. கவசம் தரித்த போர்த்துக்கேயன் ஒருவன் வாளை ஓங்கி நிற்கிறான். அவன் காலடியில், வாளும் கேடயமுமாக ஒரு சிங்கள வீரன் வீழ்ந்து கிடக்கிறான். தற்காப்புக் கலைகளைப் பற்றி நூல் தொகுப்பவருக்கு அது நல்ல சான்று. அக்காலத்து வாள் எப்படி இருந்தது, கேடயம் எப்படி இருந்தது என்பதை அதிலிருந்து அறியலாம். வீழ்ந்தவன் யாரிடம் பயின்றான், எந்த அடவில் நின்றான், எப்படி வெட்டைத் தடுத்தான் என்பதை அந்தக் கல் சொல்லாது. தவிர, அது வென்றவனின் புகழ் பாட எழுந்த கல்.

தற்காப்புக் கலைக்குக் களஞ்சியமோ அகராதியோ தொகுப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. உடம்பில் வாழும் கலை இது. ஆசான் கண்ணை மூடினால் பாதி போய்விடும். மீதியைக் கல், ஓவியம், அரச ஆணை, ஊர்க்கதை என்று பலதும் பங்குபோட்டு வைத்திருக்கும். அவற்றைச் சேர்ப்பவர், எது கண்டது, எது கேட்டது, எது எழுத்தில் இருந்தது என்று பிரித்து எழுதாவிட்டால், பக்கம் பெருகுமே தவிர அறிவு பெருகாது.

சிங்களவரின் அங்கம்பொரவை எடுத்துக்கொள்வோம். வெறுங்கைச் சண்டை அங்கம் என்றும், ஆயுதப் பயிற்சி இலங்கம் என்றும் பிரியும். சுதாலிய, மருவல்லிய என்று இரண்டு பழைய பரம்பரைகளைச் சொல்வார்கள். எம்பக்கே தேவாலயத்து மரத்தூணில் மல்லர்கள் பிணைந்து நிற்கும் செதுக்கலையும் பலர் பார்த்திருப்பார்கள். 1817–18 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இக்கலையைத் தடைசெய்தார்கள், மீறியவர்களை முழங்காலுக்குக் கீழே சுட்டார்கள் என்று ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளும் எழுதுகின்றன. களஞ்சியம் தொகுப்பவர் அதை அப்படியே பிரதி எடுக்கக்கூடாது. ஆணையின் தேதி என்ன, வாசகம் என்ன, எந்தச் சுவடிக்கூடத்தில் இருக்கிறது என்று தேடவேண்டும். ஆவணம் சொல்வதை ஆவணத்தின் பெயரிலும், கிராமத்து நினைவை அந்தக் கிராமத்தின் பெயரிலும் பதிந்துவிட்டால் இரண்டுக்கும் மதிப்பு உண்டு.

அங்கம்பொரவுக்காவது கல்லும் தூணும் துணை நிற்கின்றன. சப்ரகமுவ மாகாணத்தின் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை பக்கத்துத் தோட்டங்களில் சுற்றிய சிலம்பத்துக்கு அதுவும் இல்லை. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இறப்பருக்குமாக, திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிமாரோடு வந்த சனம் தங்கள் தெய்வங்களையும் கூத்தையும் தப்பையும் கம்படியையும் கூடவே கொண்டுவந்தது. ஆனால் தோட்டத்துச் செக்ரோலில் ஆளின் பெயர் இருக்கும், வேலைக்கு வந்த நாள் இருக்கும், கூலி இருக்கும். மேல்கணக்கு எனப்படும் மேற்பிரிவில் யார் சிலம்ப வாத்தியார், கீழ்க்கணக்குப் பிள்ளைகளுக்கு யார் கம்பு பழக்கினார் என்று எந்தத் துரையும் எழுதி வைக்கவில்லை.

இருந்த வாய்மொழிச் சங்கிலியும் அறுந்தது. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. குரு இந்தியாவுக்குக் கப்பலேற, சீடன் லயத்திலேயே தங்கிவிடும் பிரிவுகளுக்கு அது வழி செய்தது. 1977இலும் 1981இலும் நடந்த வன்செயல்கள் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களைத் தாக்கின. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. ஆகவே சப்ரகமுவச் சிலம்பத்தின் பரம்பரையைத் தேடுபவர் காவத்தையில் தொடங்கி, வன்னியிலும், தாயகம் திரும்பியோர் வாழும் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூரிலும் விசாரிக்க வேண்டியிருக்கும். மலையக மக்களின் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்ததால் அவை அச்சில் நிற்கின்றன. பாட்டைக் காதால் கேட்டுக் கையால் எழுதிவிடலாம். கம்பு வீச்சை எழுதுவது எப்படி?

ஒரு வீச்சைப் பதிவதையே பார்ப்போம். ஏறக்குறைய நெற்றி உயரக் கம்பு. அடிப்பக்கம் ஒரு கை, அதற்குச் சற்று முன்னால் மறு கை. கம்பு சுழலும் வேகத்தில் கண் நுனியின் பின்னாலேயே போகும். ஆனால் வித்தை இருப்பது மணிக்கட்டின் திருப்பத்திலும் காலடியிலும். முன்னாலிருந்து மட்டும் படம் பிடித்தால் காலடி தப்பிவிடும். பார்ப்பவருக்கு இடம் வலமும் குழம்பும். முன்னால் ஒரு தடவை, முதுகுப் பக்கமிருந்து ஒரு தடவை, பாதத்தை மட்டும் ஒரு தடவை, பிறகு மெதுவாக ஒரு தடவை எடுக்கவேண்டும். அதன் பிறகுதான் பெயரைக் கேட்கலாம். அடுத்த வாத்தியார் அதே வீச்சுக்கு வேறு பெயர் சொல்லக்கூடும். இருவரில் ஒருவரைச் சரி என்றும் மற்றவரைப் பிழை என்றும் தீர்ப்பது தொகுப்பாளரின் வேலை ஆகாது. இரண்டு பெயரையும், சொன்னவரையும், அவருடைய குருவையும், இடத்தையும், ஆண்டையும் சேர்த்து எழுதுவதே வேலை.

சினிமாவையும் கணக்கில் எடுக்கவேண்டும். கண்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர். திரையில் சுற்றிய கம்பு தமிழ் இளைஞர்களைக் கட்டிப்போட்டது. இன்று ஒருவர் ஆடும் அலங்கார வீச்சு பாட்டனிடமிருந்து வந்ததா, படத்திலிருந்து வந்ததா? எங்கிருந்து வந்தாலும் பதிவு அதைச் சொல்லவேண்டும்.

நமக்குப் பெருமை தரும் கதையைத்தான் இரட்டிப்பாகச் சோதிக்கவேண்டும். காஞ்சிபுரத்து இளவரசர் போதிதர்மர் சீனாவுக்குப் போய்ச் சாவோலின் துறவிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார் என்பது 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. ஆனால் 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்ஜி எழுதிய குறிப்பு போதிதர்மரைப் பாரசீகர் என்கிறது. போதிதர்மரின் சீடர் வட்டத்தைச் சேர்ந்த தான்லின், அவரைத் தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறார். இரண்டிலும் சண்டைக் கலை பற்றிப் பேச்சே இல்லை. போதிதர்மர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 1624 அளவில் தோன்றியது. அதற்குப் பழமை காட்டும் முன்னுரைகள் பிற்காலத்தில் புனையப்பட்டவை. இதை அம்பலப்படுத்தியவர்களில் முன்னோடி தாங் ஹாவ் என்ற சீனர். 1930இல் நூலாக எழுதினார். தாய்ச்சியின் வேரைத் தேடிச் சென் குலத்தாரின் கிராமத்துக்கே போய், வம்சப் பதிவேடுகளைப் புரட்டினார்.

ஒழுங்காகத் தொகுத்தவர்களும் உண்டு. கொரியாவில் ஜியோங்ஜோ மன்னரின் ஆணைப்படி 1790இல் ‘முயெதோபோதோங்ஜி’ என்ற போர்க்கலைக் கையேடு வெளிவந்தது. 24 முறைகளைப் படத்தோடு விளக்கும் நூல் அது. யி தோக்மு, பாக் ஜேகா என்ற இரண்டு அறிஞர்களும், பேக் தோங்சு என்ற போர்வீரரும் சேர்ந்து தொகுத்தார்கள். படித்தவர் மூல நூல்களைத் தேடிக் குறிப்பிட்டார். பயின்றவர் அசைவைச் சரிபார்த்தார். நம் காலத்தில் பிலிப் சாரில்லி என்ற அமெரிக்கர் திருவனந்தபுரத்து சி.வி.என். களரியில் ஆண்டுக்கணக்காகத் தாமே பயின்றுவிட்டுத்தான், 1998இல் களரிப்பயட்டு பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

சிலம்பம் இப்போது போட்டி விளையாட்டாகவும் மாறிவருகிறது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழவேண்டிய வளர்ச்சி. ஆனால் போட்டி என்று வந்தால் ஒரே விதி, ஒரே அளவுக் கம்பு, ஒரே புள்ளிக் கணக்கு என்று ஆகும். புள்ளி கிடைக்காத தோட்டத்து அடிகளைப் பிள்ளைகள் பழக மாட்டார்கள்.

பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல் ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விளையாட்டு அறிவியலும் கற்பிக்கிறார்கள். அதன் மாணவர் ஒருவரும், கம்பு பிடிக்கத் தெரிந்த தோட்டத்து இளைஞர் ஒருவரும், தமிழும் சிங்களமும் எழுத வரும் ஒருவரும் சேர்ந்தால் போதும். கையில் இருக்கும் தொலைபேசியே கமரா. வருகிற கோயில் திருவிழாவுக்கு முன்பு, தோட்டத்தின் மூத்த வாத்தியாரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்து, முதல் பாடமான வணக்க முறையிலிருந்து பதியத் தொடங்கலாம். கேட்கவேண்டிய முதல் கேள்வி: “ஐயா, உங்களுக்குக் கம்பு பழக்கினவர் யார், அவர் எந்த ஊர்?”