தறி நின்ற நாளுக்கு யார் கூலி தருவது?

'அடித்தளத் தலைமைக்கு நிதியாதரவு' என்று இன்று அறக்கட்டளைகளின் மொழியில் சொல்லப்படுகிற விஷயத்தை நான் தறிக்குழியிலிருந்து யோசிக்கப் பழகியவன். ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு என் ஊர். இங்கே வீட்டுக்குள்ளேயே தறி. பட்டும் சரிகையும் முதலாளி தருவார்; சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. முன்பணம் என்று ஒன்று எப்போதும் கழுத்தில் கிடக்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு நெசவாளி, தெருவுக்காக மனு எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு ஒரு நாள் போனால், அந்த நாளுக்கான விலையை அவரது அடுப்புதான் கொடுக்கிறது. தலைமை பற்றி நாம் எழுதிக் குவித்த கட்டுரைகளில் இந்த ஒரு நாள் கூலி எங்காவது கணக்கில் வந்திருக்கிறதா?

எங்கள் தெருவில் ஓர் அக்கா உண்டு, பெயர் வேண்டாம். வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைப்பது காஞ்சிபுரம், ஆரணி வட்டாரத்தில் சகஜமாக இருந்த காலம் அது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. தறிக்குழிவரை அது இறங்கவில்லை. அக்கா வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டு, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். அதற்குப் பிறகுதான் வெளியாட்கள் வந்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் அவளுக்குக் 'களப் பணியாளர்' என்று பெயர் சூட்டி மாதச் சம்பளம் போட்டது. அவள் தறியை மூட்டை கட்டினாள். இடையில் சேலைக் கூலி உயர்வுக்குத் தெருவே எழுந்து நின்றபோது, 'கூலிப் பிரச்னை நம்ம புராஜெக்ட்ல இல்லம்மா' என்று சொல்லிவிட்டார்கள். அவளும் அன்றைக்கு வரவில்லை. மூன்று வருஷத்தில் புராஜெக்ட் முடிந்தது. திரும்பி வந்தவளுக்குப் பாவு கொடுக்க எந்த முதலாளியும் தயாராக இல்லை. அதைவிட, தெரு கேட்ட கேள்விதான் அவளை உட்கார வைத்துவிட்டது: 'நீ சம்பளம் வாங்கிக்கினு தானே பேசின?'

நிதி ஒரு தலைவரை வளர்க்கும் விதமும் கரைக்கும் விதமும் இதுதான். பணம் வந்ததால் அவள் கெட்டுப்போகவில்லை. அவள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறிப்போயிற்று. முன்பு தெருவுக்கு, பிறகு வருகைப் பதிவேட்டுக்கும் காலாண்டு அறிக்கைக்கும். நிதி தருபவர்கள் கூட்டத்துக்கு, பயிற்சிக்கு, ஃபிளெக்ஸ் போர்டுக்குப் பணம் தருவார்கள். அக்கா காலையில் எழுந்து எந்தத் திட்டத்திலும் இல்லாத ஒரு சண்டைக்குப் போவதற்குத் தரமாட்டார்கள். தலைமையோ அந்தத் திட்டமிடாத சண்டையில்தான் இருக்கிறது.

இதைச் சொன்னவுடன் நம் தோழர்கள் சிலர் பழைய வாதத்தை எடுப்பார்கள். தொண்டு நிறுவனங்களுக்கு வரும் அயல்பணம் ஏகாதிபத்திய வியூகத்தின் ஒரு பகுதி என்று பிரகாஷ் காரத் 1984-இல் எழுதினார். தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளும் இதைச் சுற்றி நிறையவே மோதிக்கொண்டன. அந்த விமர்சனத்தில் உண்மை உண்டு என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி. ஆனால் 'பணத்தைத் தொடாதே' என்று சொல்கிறவர் பெரும்பாலும் அரசுச் சம்பளமோ பென்ஷனோ காணி நிலமோ உள்ளவர். (இதை எழுதுகிற நானும் வாத்தியார் வேலை பார்த்தவன்தான்.) தூய்மைக்கும் ஒரு வருமானம் தேவைப்படுகிறது. மார்க்ஸ் 'மூலதனம்' எழுதிய வருஷங்களில் அந்த வீட்டில் உலை கொதித்தது எங்கெல்ஸின் மான்செஸ்டர் பஞ்சாலைப் பணத்தால். 1869-இல் ஆலையை விட்டு விலகியபோது, வருஷத்துக்கு 350 பவுண்டு என்று எங்கெல்ஸ் ஏற்பாடே செய்து கொடுத்தார். தினக்கூலிக்குப் போகும் ஒரு தலித் பெண்ணுக்கு எங்கெல்ஸ் யார்?

வேறு வழி தேடியவர்கள் இருக்கிறார்கள். தல்லி ராஜஹரா சுரங்கத் தொழிலாளர்கள், சங்கர் குஹா நியோகியின் சங்கத்தில், 1977 துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களின் நினைவாக 1983-இல் தங்கள் காசிலும் உழைப்பிலும் ஒரு ஆஸ்பத்திரியே கட்டினார்கள். அவர்களுக்கு மாதக் கூலி இருந்தது, சந்தா பிடிக்க முடிந்தது. நியோகி 1991-இல் கொல்லப்பட்டார்; ஆஸ்பத்திரி நின்றது. ராஜஸ்தானில் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் இன்னும் கறாரானது: நிறுவன நிதி வாங்குவதில்லை, முழுநேர ஊழியர் எடுத்துக்கொள்வது குறைந்தபட்சக் கூலி அளவுதான். ஊராட்சிக் கணக்கைப் பொதுவில் வாசிக்கச் சொன்னவர்கள் தங்கள் கணக்கையும் அப்படியே வைத்தார்கள். அந்த 1994 மக்கள் விசாரணைகள் 2005 தகவல் உரிமைச் சட்டம்வரை நீண்டன. இங்கே முக்கியம் தொகை அல்ல, அளவுகோல். தலைவரின் கூலி தெருவின் கூலியைத் தாண்டாதபோது 'சம்பளத்துக்குப் பேசினாய்' என்ற சொல் ஒட்டாது.

நம்மிடமே ஒரு வழக்கம் இருந்தது. தென்மாவட்ட நாடார் வணிகர்கள் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்தார்கள். காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா வீட்டுக்கு வீடு வாங்கிய பிடி அரிசியில் நடந்தது. எவன் தயவுமில்லை. ஆனால் மகமை சாதிக்குள் சுற்றுகிற பணம். சாதியைத் தாண்டிப் பேசுகிற தலைவனுக்கு அந்த உண்டியல் திறக்காது. மூட்டையே இல்லாத சாதி எதில் மகமை எடுக்கும்?

இதற்கிடையில் அரசு தன் பங்குக்கு வாசலைக் குறுக்கியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், பிறந்த அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் 2010-இல் புதிதாக எழுதப்பட்டது. 2020 திருத்தம், பணம் பெற்ற நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதையே தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50-லிருந்து 20 சதவீதம் ஆயிற்று. டில்லியோடு நேரடியாகக் கடிதம் எழுதத் தெரியாத சின்னக் குழுக்களுக்குப் பெரியவர்கள் வழியாகக் கசிந்த தண்ணீரும் நின்றது. கசிந்ததெல்லாம் நல்ல தண்ணீர் என்று சொல்லவரவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். தெரு தேர்ந்தெடுக்கிற ஆளுக்கு, தறி நின்ற நாளுக்கான கூலி. அறிக்கை கேட்கக் கூடாது. எந்தச் சண்டை என்று கேட்கக் கூடாது. கணக்கைத் தெருவில் வாசிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தாலும் இந்த நிபந்தனையோடு வரட்டும்.

முள்ளிப்பட்டில் நாங்கள் சேலைக்கு இவ்வளவு என்று ஒரு சின்ன எடுப்பு ஆரம்பித்திருக்கிறோம். கூலி வாங்குகிற அன்றே கொடுத்துவிட வேண்டும். எல்லாரும் தருவதில்லை, ஆடி மாதத்தில் நானும் கேட்கப் போவதில்லை. அக்காவை மறுபடி கூப்பிட்டோம். 'பாக்கலாம், மொதல்ல கணக்க எழுதுங்க' என்றாள். போன வாரம் ஒரு முதலாளி, தானும் மாதாமாதம் தருவதாகச் சொல்லி அனுப்பினார். வாங்குவதா வேண்டாமா என்று இரண்டு ராத்திரி திண்ணையில் பேசினோம். இன்னும் முடிவாகவில்லை.